ஓசூர் வீட்டைப் புரோக்கர் இல்லாமல் இணையத்தில் வாடகைக்கு விடலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: அவர் சென்னையில் வேலையில் இருக்கிறார், ஓசூர் பாகலூர் ரோடு பக்கம் அப்பா கட்டிய வீட்டில் முதல் மாடி காலியாகக் கிடக்கிறது, புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கிறார். அதற்குப் பதிலாக வீட்டுக்காரரையும் குடிவருபவரையும் நேரடியாகச் சேர்த்துவைக்கிற இணையதளங்களில் போட்டு, நல்ல கம்பெனியில் வேலை பார்க்கிற ஆளாகப் பார்த்துக் குடிவைக்கலாமா, பாலக்கோட்டில் அம்மா இருக்கும் வீட்டின் பக்கத்துப் போர்ஷனையும் அப்படியே போட்டுவிடலாமா?

ஓசூர் வீட்டைத் தாராளமாகப் போடலாம். மத்திகிரியில் என்னுடைய இரண்டு போர்ஷனை நான் சில வருடங்களாக அப்படித்தான் விடுகிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். தளம் புரோக்கரை எடுத்துவிடும், அவர் பார்த்த வேலை அப்படியே மிச்சம் இருக்கும், அது உங்கள் தலையில் வந்து விழும். கமிஷன் வாங்கும்போது நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, இரண்டு போன் பண்ணினதற்கு ஒரு மாத வாடகையா என்று. அந்த ஆள் நமக்காகச் சாவியை வைத்துக்கொள்கிறார், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பத்துப் பேருக்கு மாடி ஏறி வீட்டைக் காட்டுகிறார், சும்மா பார்க்க வந்தவன் யார், உண்மையிலேயே எடுக்கப்போகிறவன் யார் என்று முகத்தைப் பார்த்தே பிரிக்கிறார், நாளைக்குக் காலி செய்யும்போது அட்வான்ஸ் பிடித்தத்தில் சண்டை வந்தால் நடுவில் நின்று பேசித் தீர்க்கிறார். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். ஓசூரில் இதைச் செய்ய ஆள் இருக்கிறதா? கீழ்வீட்டில் இருப்பவரோ, சித்தப்பா பையனோ, யாராவது ஒருவர் சாவியோடு தயாராக இல்லையென்றால் பேசாமல் புரோக்கருக்கே கொடுத்துவிடுங்கள், நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

சரி, ஆள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். 99ஏக்கர்ஸ் மாதிரி பழைய தளங்கள் விளம்பரப் பலகை மாதிரிதான், அங்கே புரோக்கரும் போடலாம், வீட்டுக்காரரும் போடலாம். 2014இல் பெங்களூரில் தொடங்கிய நோபுரோக்கர் மாதிரியானவைதான் புரோக்கரே வேண்டாம் என்று சொல்லி வந்தவை. வீட்டுக்காரர் இலவசமாகப் போடலாம், வீடு தேடுபவர் சில எண்களை மட்டும் இலவசமாகப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அப்புறம் ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பது, சாமான் ஏற்றி இறக்குவது, பெயின்ட் அடிப்பது என்று பக்கத்தில் கடை விரித்திருப்பார்கள். நீங்கள் வீட்டைப் போட்ட மறுநாளே ஒரு பெண் குரல் இனிமையாகக் கூப்பிட்டு, இத்தனை ஆயிரம் கட்டினால் நாங்களே ஆள் பிடித்துத் தருகிறோம் என்பார். நான் முதல் தடவை கட்டினேன். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. கட்டிய பிறகு வந்த அழைப்புகளில் பாதிப் பேர், 'சார் எங்ககிட்ட பார்ட்டி இருக்கு' என்று பேசிய புரோக்கர்கள்தான். மீதிப் பேரில் பலருக்கு என் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியவில்லை, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துப் பேசினார்கள். அதற்குப் பிறகு நான் பணம் கட்டுவதே இல்லை. இலவசப் பதிவே போதும், நன்றாக எழுதினால்.

எந்தத் தளம் என்று கேட்டால், ஒரு வேலை செய்யுங்கள். நீங்களே வீடு தேடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றிலும் ஓசூர், பாகலூர் ரோடு, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி என்று தேடிப் பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் புதிதாக வந்த வீடுகள் நிறைய இருக்கும் தளத்தில்தான் ஆட்களும் இருப்பார்கள். ஆறு மாதம் முன்னால் போட்ட வீடே மேலே நிற்கிறது என்றால் அங்கே ஈ ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். பெங்களூரில் பெரிய தளமாக இருப்பது ஓசூரிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேஸ்புக்கின் சந்தைப் பகுதி, கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டையும் விட்டுவிடாதீர்கள், எனக்கு இப்போது குடியிருக்கும் இரண்டு குடும்பத்தில் ஒன்று அப்படி வந்ததுதான்.

விளம்பரத்தில் 'நல்ல காற்றோட்டம், அமைதியான சூழல்' என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். வருகிறவர் போனில் கேட்கிற கேள்விகளை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஓசூரில் முதல் கேள்வி தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் வருமா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, போர் எப்படி, கோடையில் டேங்கர் வாங்க வேண்டியிருக்குமா, வாங்கினால் காசு யார் தருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்தின் ஃப்ளோரைடு தண்ணீர்ப் பிரச்சினைக்காகத்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் பல்லில் கறை படியும் தண்ணீரா என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து கேட்பார்கள். அடுத்த கேள்வி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எவ்வளவு நேரம். 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு, பொம்மசந்திரா வரை எப்படிப் போவது என்று அதையே மாற்றிக் கேட்கிறார்கள். காலை எட்டு மணிக்கு அத்திப்பள்ளியில் வண்டி எப்படி நகரும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதை மறைத்து 'இருபதே நிமிடம்' என்று எழுதாதீர்கள், மூன்றாவது மாதமே காலி செய்கிறேன் என்பார். கார் நிறுத்த இடம் உண்டா, மாடிக்குத் தனி வழியா, ஈபி மீட்டர் தனியா, மேற்கத்தியக் கழிவறையா, இவ்வளவையும் எழுதி, குளியலறை உட்பட எல்லா அறையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் தேவையில்லாத அழைப்பு நிறையக் குறையும். அழைப்பவர்களில் இந்தி மட்டும் தெரிந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள், தெலுங்கும் கன்னடமும் வரும். சாவி வைத்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றாவது அரைகுறையாகத் தெரிந்தால் நல்லது.

இனி நீங்கள் கேட்ட 'நல்ல கம்பெனி ஆள்' விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட், டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று அடையாள அட்டையைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. அந்த அட்டை கம்பெனியின் நேரடி ஊழியருக்கும் ஒப்பந்த ஏஜென்சி ஆளுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஏஜென்சி ஆள் என்றால் விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை, என் வீட்டில் நாலு வருடம் ஒரு பைசா பாக்கி வைக்காமல் இருந்தவர் ஒப்பந்தத் தொழிலாளிதான், மூன்று சம்பளச் சீட்டும் பெரிய பதவியும் காட்டிய ஒருவர்தான் கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனார். சம்பளச் சீட்டு அவரால் கொடுக்க முடியுமா என்று மட்டும்தான் சொல்லும், கொடுப்பாரா என்பதற்கு அதில் பதில் கிடையாது. நான் கேட்பது வேறு. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், ஏன் காலி செய்கிறீர்கள், அந்த வீட்டுக்காரர் எண் கொடுங்கள். எண் கொடுக்கத் தயங்குகிற ஆளிடம் நானும் தயங்குவேன். கொடுத்தால் கட்டாயம் பேசிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும், பழைய வீட்டுக்காரர் புகழ்ந்து தள்ளினால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், அவருக்கு ஆளை அனுப்பிவிட வேண்டிய அவசரம் இருக்கலாம்.

ஷிஃப்ட் வேலையைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும், கேட் சத்தம் கேட்கும், பகலில் தூங்குவார்கள். கீழே குடியிருப்பவருக்கு இது ஒத்துவருமா? நாலு பேர் சேர்ந்து எடுக்கிற பையன்கள் அல்லது பெண்கள் என்றால் நாலு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், ஒருவர் பெயரில் எழுதிவிட்டு அவர் ஆறு மாதத்தில் புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டால் மீதி மூன்று பேர் யார், நீங்கள் யார்? 'குடும்பத்துக்கு மட்டும்' என்று போட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டைக் காலியாக வைத்திருக்கும் ஆட்களை என் தெருவிலேயே பார்க்கிறேன், கணக்குப் போட்டால் அது ஒரு புரோக்கர் கமிஷனை விட மூன்று மடங்கு நஷ்டம்.

மோசடி ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்கள் போட்ட இரண்டு நாளில் அது கட்டாயம் வரும். அழைப்பவர் ராணுவத்திலோ மத்தியப் படையிலோ இருப்பதாகச் சொல்வார், சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் அனுப்புவார், இப்போது வடக்கே எங்கேயோ இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, வீட்டைப் பார்க்கவே வேண்டாம், நீங்கள் சொன்ன வாடகை சரி என்பார். பேரமே பேசாத ஆள் என்றாலே நிமிர்ந்து உட்காருங்கள். அடுத்து, எங்கள் கணக்கு வேறு மாதிரி, நீங்கள் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள் அல்லது இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்பார். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் போடுகிறீர்கள் என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது, அவ்வளவுதான். போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம். இதே மோசடி வீடு தேடுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கும், உங்கள் வீட்டுப் படங்களையே எடுத்துப் பாதி வாடகைக்குப் போட்டு, பார்க்க வர 'கேட் பாஸ்' பணம் கட்டுங்கள் என்று யாரோ வசூலிப்பான். அதனால் வீட்டு எண், பெயர்ப் பலகை தெரிகிற மாதிரி வாசல் படத்தைப் போடாதீர்கள்.

ஆள் முடிவான பிறகு ஒப்பந்தம். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தால் போதும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம், ஏனென்றால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதினோரு மாதமானாலும் அரசின் வாடகை இணையதளத்தில் பதிந்து வாடகை அதிகாரியிடமிருந்து பதிவு எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. பதியாத தாளை வைத்துக்கொண்டு பிறகு பிரச்சினை என்று போனால் கை கட்டப்பட்ட மாதிரிதான். நம் ஊரில் பத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது என்பது என் அனுபவம். தளக்காரர்கள் 'ஒப்பந்தம் செய்துதருகிறோம்' என்று காசு வாங்குவது பெரும்பாலும் முத்திரைத்தாளில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புவதோடு முடிந்துவிடும், இந்தப் பதிவும் அதில் சேருமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அட்வான்ஸுக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் பொதுவான அளவு மூன்று மாத வாடகை. ஓசூரில் பெங்களூர் வாடை அடிப்பதால் பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அங்கிருந்து வந்த பழக்கம்தான். பிடிக்கப்போகிறீர்கள் என்றால் எவ்வளவு, எதற்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குடிவருகிற அன்று சுவர், குழாய், ஃபேன், கதவு எல்லாவற்றையும் போனில் ஒரு வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது வரும் சண்டையில் பாதி 'இந்த ஓட்டை நான் வரும்போதே இருந்தது' என்பதுதான். இன்னொன்று, சில பேர் வாடகையே வேண்டாம், ஐந்து லட்சம், ஏழு லட்சம் லீசுக்குக் கொடுங்கள் என்று வருவார்கள், ஊரில் போக்கியம் என்போமே அதுதான். வட்டி இல்லாத கடன் மாதிரித் தெரியும், மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்கள் கையில் அந்தப் பணம் இருக்க வேண்டும், அப்பா கட்டிய வீட்டை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து.

ஆள் சரியில்லை என்று தெரிந்தபின் ஈபி ஃப்யூஸைப் பிடுங்குவது, தண்ணீர் வால்வை மூடுவது எல்லாம் செய்யாதீர்கள், சட்டம் நேரடியாகத் தடுக்கிறது, தப்பு அவர் பக்கம் இருந்தாலும் கதை உங்கள் பக்கம் திரும்பிவிடும். வீட்டைப் பார்க்க உள்ளே போவதற்கும் இருபத்திநாலு மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். 'என் வீடு, நான் எப்போது வேண்டுமானாலும் வருவேன்' என்று மாடி ஏறுகிற மாமனாரை வைத்துக்கொண்டு கம்பெனி ஆட்களைக் குடிவைக்க முடியாது.

சம்பளக்காரர்களுக்கு விட்டால் பான் எண் கேட்பார்கள். ரூ.12,000 வாடகை என்றால் வருடத்துக்கு ரூ.1,44,000, பழைய வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்குக் கேட்கிறவர் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் எண்ணைக் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். 'பான் தர மாட்டேன், ரொக்கமாகக் கொடு' என்கிற வீட்டுக்காரரிடம் நல்ல சம்பளக்காரர்கள் நிற்பதில்லை. தைரியமாகக் கொடுங்கள், வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள், வரி கணக்கிடும்போது நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30% நிலையான கழிவும் உண்டு. நாம் பயப்படுகிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய தொகையாக வராது. கம்பெனியே ஊழியர்களுக்காக வீடு எடுத்தால், அதற்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கும்பட்சத்தில் 18% வரியை அந்தக் கம்பெனிதான் நேரடியாகக் கட்ட வேண்டும், 2022 ஜூலையிலிருந்து அப்படி. உங்களுக்கு அதில் தலைவலி இல்லை, வாடகையில் அதைக் கழித்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள்.

ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதை மறந்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டால் அடுத்த பில் உங்கள் கணக்கில்தான் வரும், அதனால் காலி செய்கிற அன்று மீட்டரைப் படம் எடுத்துக் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். மாடிக்குத் தனி இணைப்பு இல்லையென்றால் இப்போதே வாங்குவது நல்லது. ஒரே மீட்டரில் இரண்டு வீடு ஓடினால் யூனிட் கூடக்கூடக் கட்டணப் படியும் ஏறும், இலவச 100 யூனிட் யாருக்கு என்று மாசா மாசம் பஞ்சாயத்து வேறு.

ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரே போதும் என்று சொல்லுங்கள், படித்த ஆட்கள் அதைக் கவனிப்பார்கள், உங்கள் மேல் ஒரு மரியாதையும் வரும்.

பாலக்கோட்டுப் போர்ஷனுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். அங்கே குடிவருகிறவர் மாற்றலாகி வரும் வாத்தியாரோ, வங்கிக்காரரோ, ஆஸ்பத்திரி நர்ஸோதான். அவர்கள் தளத்தில் தேடுவதில்லை, சேர்ந்த அன்றைக்கே அலுவலகத்தில் கேட்கிறார்கள். இரண்டு பள்ளிக்கூடத்திலும் ஒரு வங்கியிலும் தெரிந்தவர்களிடம் சொல்லிவையுங்கள், கேட்டில் ஒரு டு-லெட் பலகை மாட்டுங்கள். அதில் உங்கள் சென்னை எண்ணைப் போடாமல் அம்மாவின் எண்ணைப் போடுங்கள், பகல் பதினோரு மணிக்கு நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், அவர்தான் எடுப்பார்.